திருச்சி வெயிலும் எங்கள் வீடும்: கூரைப் பூச்சு, ஏசி, கூலர் நீண்ட நாள் அனுபவம்

எங்கள் வீடு திருச்சியில். கீழே ஹாலும் அம்மாவின் அறையும், மாடியில் நாங்கள் படுக்கும் அறை. மாடி அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்கு மேலே மொட்டை மாடி, மேற்குப் பக்கம் வெட்டவெளி. அதாவது, திருச்சி வெயில் மொத்தமும் அந்த அறைக்குத்தான். 2019 கோடையில் ஏசி வாங்க முடிவு செய்தோம். அன்றிலிருந்து இன்றுவரை எது உதவியது, எதற்கு எவ்வளவு பராமரிப்பு வந்தது என்பதை எழுதுகிறேன்.

கடையில் போய் நின்றால் முதல் கேள்வி, "ரூம் என்ன சைஸ் சார்?" 120 சதுர அடி என்றால் 1 டன். மேல்மாடி என்று சொன்னால் உடனே 1.5 டன். அந்தக் கணக்கு தப்பில்லை. 1 டன் ஏசி என்றால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். கூரை வழியாகக் கூடுதல் சூடு இறங்குவதால்தான் அரை டன் கூட்டிச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சூட்டை உள்ளே வரவிட்டு, அப்புறம் கரண்ட் செலவழித்து வெளியே தள்ளுவது எதற்கு? வெயிலுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு கூரைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை உடனே இறக்குவதில்லை. வெயில் சாய்ந்த பிறகுதான் உள்பக்கம் சூடாகத் தொடங்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூலில் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்தால், அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டையைத் தொட்டது போலிருக்கும். ஃபேனைப் போட்டால் அந்தச் சூடுதான் கீழே இறங்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் அறை நள்ளிரவு வரை புழுங்கியதற்கு இதுதான் காரணம்.

மொட்டை மாடியை கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, தட்டோடு இடுக்குகளில் இருந்த வெடிப்புகளை அடைத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தோம். அந்த வாரமே வித்தியாசம் தெரிந்தது. அதே ஒன்பது மணிக்கு சீலிங்கைத் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும்தான். அறையின் மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமாக மூங்கில் தட்டி கட்டினோம். தட்டியை வெளியேதான் கட்ட வேண்டும். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலை உள்ளே தொங்கும் திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

வெள்ளைக் கூரைக்குப் பராமரிப்பு உண்டு. மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், தூசி படிந்து பழுப்பாகும். அழுக்கேறினால் வெயிலைத் திருப்பும் சக்தி குறையும். ஒவ்வொரு பங்குனியிலும் கழுவிவிடுகிறோம், ஒருமுறை மறுபூச்சும் அடித்தாகிவிட்டது. நடுப்பகலில் மேலே போனால் கண் கூசும். வடகம் காயப்போடும் அம்மாவுக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

கூரை வேலை முடிந்த பிறகு 1 டன் இன்வெர்ட்டர் ஏசியே போதும் என்று எடுத்தோம். 5 ஸ்டார், காப்பர் காயில், உள்ளே சுற்றிக் குளிரூட்டும் கேஸ் ஆர்-32. சாதாரண ஏசியில் கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். இன்வெர்ட்டரில் அறை குளிர்ந்ததும் வேகம் குறைந்து மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்கப் போடுகிறவர்களுக்கு லாபம் அங்கேதான். 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட விடுகிறோம். அக்னி நட்சத்திரத்திலும் இது போதுமானதாகவே இருந்திருக்கிறது.

கரண்ட் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிளைப் பார்க்கும்போது ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கினார்கள். அதற்கு முந்தைய 5 ஸ்டார் ஏசி அப்போது 4 ஸ்டார் கணக்குக்கு இறங்கியது. லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. ராத்திரி மட்டும் போடுகிற வீட்டுக்கும் பகலிலும் ஓடுகிற வீட்டுக்கும் அந்த எண் ஒன்றாகாது.

கரண்ட் பில்லில் நம் ஊரில் கவனிக்க வேண்டியது 500 யூனிட் எல்லை. 2022 செப்டம்பரில் வந்த வீதப்படி இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 யூனிட் என்றால் 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை 2.25-லிருந்து 4.50-ஆக ஏறியதுதான் காரணம். வீதங்கள் அப்புறம் மாறின. நீங்கள் வாங்கும் நேரத்தில் எது நடப்பில் இருக்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்காகவே மூன்று பழைய ஃபேன்களை, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேனாக மாற்றினோம். பழையது 75 வாட் அளவுக்கு இழுக்கும், புதியது 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் மூன்று ஃபேனுக்கும் சேர்த்து இரண்டு மாதத்தில் 120 யூனிட் மிச்சம். ஏசி தின்பதில் ஒரு பங்கை ஃபேன் திருப்பித் தந்துவிடுகிறது.

நாலாவது கோடையில் குளிர்ச்சி குறைந்தது. சர்வீஸுக்கு வந்தவர் இண்டோர் யூனிட்டில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியாயிருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்" என்றார். ஏசியில் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. ஓட ஓடத் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். "தம்பி, முதல்ல லீக் எங்கன்னு பாருங்க" என்றேன். சோப்புத் தண்ணீரைக் குழைத்து இணைப்புகளில் தடவினார். அவுட்டோர் யூனிட்டில் தடித்த குழாய் சேரும் நட்டில் சின்னச் சின்னக் குமிழ்கள் விடாமல் வந்தன. குழாய் முனையை வெட்டி, நட்டில் பொருந்தும்படி வாயைப் புதிதாக விரித்து (ஃப்ளேர் பண்ணி) இறுக்கினார். வேக்கம் பம்ப் போட்டு காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகு, தராசில் வைத்து எடை பார்த்து கேஸ் ஏற்றினார். அதற்கப்புறம் கேஸ் பிரச்சினை வரவில்லை. லீக் பார்க்காமல் கேஸ் அடித்தால் அடுத்த கோடைக்கும் அதே செலவுதான். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், இந்த வேலை தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானே கழற்றிக் கழுவுகிறேன். மே மாத மாலைகளில் வோல்டேஜ் இறங்கும் தெரு எங்களுடையது, அதனால் ஸ்டெபிலைசர் உண்டு.

கீழ்த்தளத்துக்கு ஏசி போடவில்லை. மேலே ஒரு மாடி இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. அம்மாவுக்கு ஏசிக் காற்றில் முட்டி வலி கூடுகிறது. அந்த அறைக்கு ஏர் கூலர்தான். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்வதுதான் கூலரின் வேலை. காற்று வறண்டிருந்தால்தான் அது நடக்கும். சித்திரை, வைகாசியில் நன்றாக வேலை செய்கிறது. ஆடிக் காற்று வீசும்போது இன்னும் நன்றாக. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தலையணை ஈரமாகுமே தவிர குளிராது. அப்போது மூடிவைத்துவிடுவோம். ஜன்னல் ஓரமாக வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைத்தால்தான் ஈரக் காற்று வெளியேறும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கூலரில் தண்ணீர் ஊறும் தேன்கூடு பேடில் வெள்ளையாகப் படிந்து காற்றை அடைக்கும். பேடை மாற்றியிருக்கிறோம். தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

சூடாக்க என்று எங்கள் வீட்டில் தேவைப்படுவது குளிக்கும் வெந்நீர் மட்டும்தான். மார்கழியில் அம்மாவுக்கு மட்டும் தேவைப்படுகிறது. 15 லிட்டர், 2,000 வாட் கீசரில் தண்ணீர் கால் மணி நேரத்தில் சூடாகிவிடும், அரை யூனிட் அளவுக்கு ஆகும். இந்தத் தேவைக்கு சோலார் ஹீட்டர் அதிகம். தினமும் நாலைந்து பேர் வெந்நீரில் குளிக்கும் வீடாக இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன்.

சென்னையில் இருக்கும் தங்கை, அம்மாவின் கூலரைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டாள். கடற்காற்றின் ஈரத்தில் அது சரிப்படாது, வேண்டாம் என்றேன். அவளும் மேல்தளத்தில்தான் இருக்கிறாள். வீட்டுக்காரரிடம் பேசி, பாதிச் செலவு தான் தருவதாகச் சொல்லி, தை மாதமே மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்க ஏற்பாடு செய்திருக்கிறாள். ஏசி எத்தனை டன் என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.