மெர்சிடிஸ் 190: எந்த வகையை வாங்கலாம், எங்கே பார்த்து வாங்க வேண்டும்

மெர்சிடிஸ்-பென்ஸ் 190 என்று சொன்னதும் பேச்சு நேராக அதன் பந்தய வகையான எவல்யூஷன் 2-இன் பெரிய பின்சிறகுக்குப் போய்விடும். அந்தச் சிறகைத் தாங்கும் பின்சக்கர சஸ்பென்ஷனின் அடிப்படை அமைப்பு, 90 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட சாதாரண கார்புரேட்டர் 190-இலும் இருக்கிறது. இந்தக் காரின் பெருமை அங்கேதான் தொடங்குகிறது. விலையை ஏற்றுவது பின்னால் ஒட்டிய எண்ணும் எழுத்தும். ஓட்டும் சுகத்தைத் தருவது கீழே இருக்கும் இரும்பும் ரப்பரும்.

டபிள்யூ 201 என்ற உள்பெயருடன் இந்தக் கார் 1982 இறுதியில் வெளிவந்தது. வடிவமைப்புப் பொறுப்பு புரூனோ சாக்கோவுடையது. சிண்டெல்ஃபிங்கன், பிரேமன் ஆலைகளில் 1993 வரை 18 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல் தயாரானது. ஆக, சாதாரண வகைகள் அரிய பொருள் அல்ல. நன்றாகப் பராமரித்த ஒன்று கிடைப்பதுதான் அரிது.

பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனிக் கைகள் பிடித்திருக்கின்றன. சக்கரம் மேலும் கீழும் போனாலும், வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும், டயரின் கோணம் கட்டுக்குள் நிற்கிறது. சக்கரத்தை ஒரே சாய்ந்த கை பிடிக்கும் பழைய அமைப்பில் பின்பக்கம் சட்டென்று விலகும் தொல்லை இதில் பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்தக் கைகளின் இணைப்புகளில் இருக்கும் புஷ்கள் ரப்பர், வயதானால் வெடிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் பின்பக்கம் மிதப்பது போலிருந்தாலோ, பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தாலோ புஷ்களைச் சந்தேகியுங்கள். ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதான். இருபுறமும் முழு செட்டாக மாற்றி வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். புஷ் போன காரில் புது ஷாக் அப்சார்பர் போடுவது வீண் செலவு.

சேகரிப்பாளர்கள் துரத்துவது 16 வால்வு வகைகளை. 190இ 2.3-16-இன் (இ என்றால் பெட்ரோல் இன்ஜெக்ஷன்) சிலிண்டர் ஹெட் இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனத்தின் கைவண்ணம், 185 குதிரைத்திறன். 1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்டோ தடத்தில் 50,000 கி.மீ. தூரத்தைச் சராசரியாக மணிக்கு 247.9 கி.மீ. வேகத்தில் கடந்தது. 1984 மே 12 அன்று ஜெர்மனியின் புதிய நூர்பர்க்ரிங் தடத்தின் திறப்புப் பந்தயத்தில் எல்லோருக்கும் இதே கார் கொடுக்கப்பட்டது. இளம் பந்தய ஓட்டுநர் அயர்டன் சென்னா முதலில் வந்தார், நிக்கி லௌடா இரண்டாவது. 1988-இல் 2.5-16 வந்தது.

1989-இன் எவல்யூஷனும் 1990-இன் எவல்யூஷன் 2-உம் பந்தய விதிகளுக்காகத் தலா 502 கார்கள் மட்டும் கட்டப்பட்டவை. இரண்டிலும் 2,463 சிசி எஞ்சின். பிஸ்டன் ஓட்டத்தைக் குறைத்து, சிலிண்டர் விட்டத்தைப் பெருக்கினார்கள், அதிக சுழற்சி வேகத்துக்காக. எவல்யூஷன் 2 தருவது 235 குதிரைத்திறன். அதில் 500 கார்கள் நீலக்கறுப்பு, கடைசி இரண்டு மட்டும் வெள்ளி நிறம். கிளாஸ் லுட்விக் 1992-இல் ஜெர்மன் கார் பந்தயத் தொடரான டிடிஎம் பட்டம் வென்றது இதன் பந்தய வடிவத்தில்.

சாதாரண 190-க்குச் சிறகும் சக்கர வளைவை அகலமாக்கும் சட்டைகளும் மாட்டி எவல்யூஷன் என்று விற்கப் பார்ப்பதுண்டு. சேசிஸ் எண்ணில் டபிள்யூடிபி என்ற எழுத்துகளை அடுத்து வரும் ஆறு இலக்கங்களைப் படியுங்கள்: 201034 என்றால் 2.3-16, 201035 என்றால் 2.5-16, 201036 என்றால் எவல்யூஷன். 201024 என்றிருந்தால் அது இரண்டு லிட்டர் 190இ, மேலே எதை மாட்டியிருந்தாலும் சரி.

16 வால்வு கார்களில் ஐந்து வேக மேனுவல் கியரின் முதல் கியர் இடப்பக்கம் கீழே இருக்கும். பழகாதவர்கள் அதை இரண்டாவது என்று நினைத்துப் போட்டுவிடுவார்கள். ஓட்டிப் பார்க்கும்போது கவனம். இவற்றின் பின்பக்கத்தில் தானே உயரம் சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பும் உண்டு. குழாய்களில் எண்ணெய்க் கசிவைப் பாருங்கள். பின்பக்கம் கட்டையாகக் குதித்தால் அதன் வாயு உருண்டைகளில் அழுத்தம் தீர்ந்திருக்கும். வால்வு இடைவெளியை ஷிம் என்ற சிறு தகடு வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அந்த வேலை எப்போது நடந்தது என்று பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவையும் டைமிங் செயின் செலவையும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். பம்பர், சட்டை, இருக்கை போன்ற 16 வால்வுக்கே உரிய பாகங்கள் கிடைப்பது கடினம். அதனால் எஞ்சின் சுமாராக இருந்து உடல் முழுமையாக உள்ள கார், எஞ்சின் நன்றாக இருந்து பாகங்கள் குறைந்த காரைவிட மேல்.

துரு எல்லா வகைக்கும் பொதுவான எதிரி. முதலில் பார்க்க வேண்டியது ஜாக்கி வைக்கும் நான்கு இடங்கள். 1988-இல் நடந்த தோற்ற மாற்றத்துக்குப் பிந்தைய கார்களில் கதவின் கீழ்ப்பகுதியைப் பிளாஸ்டிக் பலகை மூடியிருக்கும். அதன் பின்னே ஈரமும் மண்ணும் தங்கி, வெளியே தெரியாமலே தகடு அரித்துப்போகும். பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் நடையைக் கட்டுங்கள். பின்பு பின்சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி குழி, சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் இடங்கள்.

பெட்ரோல் இன்ஜெக்ஷன் வகைகளில் எரிபொருளைச் செலுத்துவது பாஷ் கேஇ-ஜெட்ரானிக் அமைப்பு. பாவம், இதன் மேல் பழி அதிகம் விழுகிறது. ஐட்லிங் குலுங்கி, கூடவே ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால், எரிபொருளைப் பங்கிடும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன், மின்னழுத்தம் மிகாமல் காக்கும் ஓவர்வோல்டேஜ் ரிலேயைப் பாருங்கள். அதன் தலையில் உள்ள ஃப்யூஸ் போயிருக்கலாம், உள்ளே சால்டர் வெடித்திருக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் கிளம்ப மறுத்தால், நிறுத்தியதும் எரிபொருள் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். காரின் அடியில் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும், அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யூமுலேட்டரையும் பம்பின் செக் வால்வையும் சோதியுங்கள்.

எங்கள் தேர்வு 190இ 2.6. ஆறு சிலிண்டர் எஞ்சினின் மென்மையும் அதே பின் சஸ்பென்ஷனும் கிடைக்கின்றன. 16 வால்வு கார் கேட்கும் விலையும் பாகத் தட்டுப்பாடும் இல்லை. நெடுநேரம் ஐட்லிங்கில் விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நீலப்புகை வருகிறதா பாருங்கள். வந்தால் வால்வுத் தண்டில் எண்ணெயைத் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல் இறுகிவிட்டது. எஞ்சின் முன்பக்க மேல் மூடியில் எண்ணெய் கசிவது இந்த எஞ்சினில் சகஜம், அதற்காக ஒதுக்க வேண்டாம். சத்தம் குறைவாக, சிக்கனமாக ஓட வேண்டும் என்பவருக்கு எஞ்சினை உறையிட்டு மூடிய டீசல் வகையான 190டி போதும், ஆனால் 72 குதிரைத்திறன் மேட்டில் திணறும். 1992-இன் அவான்ட்கார்ட் வரிசையில் ரோஸ்ஸோ, அஸ்ஸுர்ரோ, வெர்டே மூன்றும் நிறத்துக்காகவே தேடப்படுபவை. அவற்றில் எஞ்சினுக்கும் முன்னால் இருக்கைத் துணியின் நிலையைப் பாருங்கள், கிழிந்தால் அதே துணிக்கு அலைய வேண்டியிருக்கும்.