காவிரிப் படுகையில் பெரிய பிக்கப்: ஹைலக்ஸ், வி-கிராஸ், குறுக்கே ஒரு டிராக்டர்

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றின் கரைச் சாலையிலிருந்து எங்கள் களத்துக்கு இறங்கும் பாதை, மாட்டு வண்டிக்கென்று எந்தக் காலத்திலோ போட்டது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அடுத்தவர் வயல். ஏறத்தாழ 1.86 மீட்டர் அகலமும் 5.3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பிக்கப்பை ஐப்பசி மழையில் அந்தப் பாதையில் பின்னோக்கி எடுத்துப் பார்த்தபோதுதான், விளம்பரங்களில் பாலைவன மணலைத் தூற்றிக்கொண்டு பாயும் வண்டிக்கும் நமக்கு வேண்டிய வண்டிக்கும் எவ்வளவு தூரம் என்பது எனக்கு விளங்கியது.

எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக இசுசு வி-கிராஸ் நிற்கிறது. ஆறு கியர் மேனுவல். நாகப்பட்டினம் பக்கம் மீன் வியாபாரம் செய்யும் என் மைத்துனரிடம் டொயோட்டா ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. அவருக்கு உப்புக்காற்றும் படகும், எனக்குக் களிமண்ணும் உர மூட்டையும் என்று பாடு வேறு வேறாக இருந்தாலும், அறுவடைக் காலத்திலும் வீட்டு விசேஷங்களிலும் வண்டிகள் கைமாறுவதால் இரண்டையும் இரண்டு விதமான வேலைகளிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் இவை இரண்டை மட்டும் எதிரெதிரே நிறுத்திப் பேசினால், டெல்டாவைப் பொறுத்தவரை அது பாதிப் பேச்சாகிவிடும். சேறு என்று வந்தால் டிராக்டரும், செலவு என்று வந்தால் மஹிந்திராவின் சரக்குப் பிக்கப்பான பொலிரோ கேம்பரும் குறுக்கே வந்து நிற்கும்.

காகிதத்தில் இரண்டுக்கும் இடைவெளி பெரிது. ஹைலக்ஸில் இருப்பது 2.8 லிட்டர் டீசல் எஞ்சின். திறன் 204 பிஎஸ் (ஏறத்தாழ குதிரைத்திறன்தான்), முறுக்குவிசை மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. வி-கிராஸில் 1.9 லிட்டர் எஞ்சின், 163 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர். வாங்குகிறவர்கள் இந்த உச்ச எண்களைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதோ அந்த விசை எந்தச் சுற்றில் கைக்குக் கிடைக்கிறது என்பதை. ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கில் 1600 முதல் 2800 சுற்று வரை முழு விசையும் நிற்கிறது. வி-கிராஸில் அது 2000 முதல் 2500 வரை என்ற குறுகிய இடத்துக்குள் இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை எட்டு ஏற்றிக்கொண்டு, மதகை ஒட்டிய சரிவில் ஊர்ந்து ஏறும்போது இந்த வேறுபாடு காலுக்கே தெரியும். வி-கிராஸில் முதல் கியருக்கு இறங்கிச் சுற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஹைலக்ஸில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், அது தன்பாட்டுக்கு ஏறிவிடும். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் நெல் லாரியை முந்தும் நேரத்திலும் அப்படித்தான். ஆனால் ஓர் ஆண்டில் எத்தனை முறை அந்தச் சரிவை ஏறுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால், அந்த வேறுபாட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

சொகுசு என்ற வகையில் இரண்டுமே ஏறத்தாழ ஒன்று. இரண்டிலும் பின்பக்கம் லாரிக்காரர்கள் 'பிளேட்' என்று சொல்லும் அடுக்குப் பட்டை ஸ்பிரிங். வெறும் வண்டியாக ஓட்டினால் பின் இருக்கையில் இருப்பவர்கள் ஒவ்வொரு வேகத்தடையிலும் நம்மைத் திட்டுவார்கள். 40 கிலோ நெல் மூட்டை நான்கை அச்சுக்கு நேர் மேலே போட்டால் வண்டி அடங்கிவிடும். என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாள்களில் நான் இதைத்தான் செய்கிறேன். கும்பகோணத்துச் சந்துகளில் இரண்டுமே திரும்பாது. 5,325 மில்லிமீட்டருக்கும் 5,295 மில்லிமீட்டருக்கும் இடையிலுள்ள மூன்று சென்டிமீட்டரை வைத்து வாதம் செய்வதில் பயனில்லை. கடைத்தெருவுக்கு இருசக்கர வண்டியே மேல்.

இனிச் சேற்றுக்கு வருவோம். நான்கு சக்கர இழுவையும் லோ கியரும் இரண்டிலும் உண்டு. லோவில் போட்டால் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். ஹைலக்ஸில் பின் டிஃபரன்ஷியல் பூட்டும் உண்டு. வரப்போரத்தில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது மற்ற சக்கரத்துக்கும் விசையைக் கொண்டுபோவது அதுதான். ஆனால் நம் மண் மணலும் அல்ல, சரளையும் அல்ல. ஆற்று வண்டல் படிந்த களிமண் தண்ணீரைக் குடித்தால் டயரின் பள்ளங்களை அப்பி அடைத்துவிடுகிறது. அதன்பின் அது டயராக இருப்பதில்லை, வழவழவென்ற ஒரு மண் உருளையாகிவிடுகிறது. அந்த நிலையில் எஞ்சினில் 163 இருந்தாலும் 204 இருந்தாலும் தரைக்குப் போய்ச் சேருவது ஒன்றுதான். நிறுவனம் போட்டுத் தரும் 18 அங்குல டயர் தார்ச்சாலைக்கு உகந்தது. சேற்றுக்கென்று அகன்ற பள்ளம் வெட்டிய டயரை மாற்றினால் பாதி வழக்கு தீரும். ஆனால் நெடுஞ்சாலையில் அது வண்டு போல ரீங்காரமிடும், ஈரத் தாரில் பிரேக் பிடிக்கவும் சற்று அஞ்ச வேண்டும்.

தாளடி என்னும் இரண்டாம் போக நெல்லுக்கு வயலைச் சேறாக உழுது சேடை ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எதிரே வந்த இருசக்கர வண்டிக்கு வழிவிட ஒதுங்கினேன். தவறு முழுக்க என்னுடையது. இடது பின்சக்கரம் வரப்பை உடைத்துக்கொண்டு உழுத வயலில் இறங்கியது. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றித் தனக்குத்தானே குழி பறித்துக்கொண்டது. சேறு முதலில் ரிம்மை மறைத்தது, பிறகு அச்சின் நடுவிலுள்ள குண்டு மண்ணில் உட்கார்ந்தது. அச்சு உட்கார்ந்துவிட்டால் நான்கு சக்கரமும் வெறும் அலங்காரந்தான். பக்கத்து வயல் பெரியவர் கரையில் நின்றபடியே சொன்னார்: "தம்பி, முறுக்காதீங்க. முறுக்க முறுக்க அது கீழதான் போவும். நியூட்ரல்ல போட்டுட்டு எறங்குங்க, நான் வண்டிய கொண்டாறேன்." அவர் கொண்டுவந்தது கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய 45 குதிரைத்திறன் டிராக்டர். சட்டத்திலிருந்த கொக்கியில் பட்டையை மாட்டி, வண்டி இறங்கிய தடத்துக்கு நேர் எதிர்த்திசையில் மெல்ல இழுத்தார். ஒரு நிமிடத்தில் பிக்கப் கரையேறிவிட்டது.

என் வண்டியின் திறனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்த டிராக்டரால் அது எப்படி முடிந்தது என்பதில்தான் இழுவையின் சூட்சுமம் இருக்கிறது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கிய கணக்கு. வேகத்தைக் குறைக்கக் குறைக்க, அதே திறனில் விசை கூடுகிறது. டிராக்டர் நடை வேகத்துக்கென்றே கியர் கட்டப்பட்டது. அதோடு, அதன் எடையில் பெரும்பகுதி உயரமான பின்சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கேஜ் வீலின் இரும்புப் பட்டைகள் சேற்றை வெட்டிக்கொண்டு கீழேயுள்ள கெட்டித் தரையைத் தேடிப் போகின்றன. பிக்கப்பின் விசை நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆளையும் சரக்கையும் கொண்டுசெல்வதற்கானது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், எங்கள் பக்கத்துச் சாலைகளில் விழுந்து கிடந்த தென்னைகளை இழுத்துப் போட்டவை டிராக்டர்களும் பொக்லைன்களுமே. வயலுக்குள் இறங்கி வேலை செய்யப் பிக்கப் வாங்குவதாக யாராவது சொன்னால், அந்தப் பணத்தில் நல்ல டிராக்டர் ஒன்றை வாங்கிவிட்டு மிச்சத்தை வங்கியில் போடும்படி சொல்லிவிடுவேன்.

சாலையில் டிரெய்லர் இழுப்பது வேறு கணக்கு. பெரிய எஞ்சினுக்கு உண்மையான வேலை அங்கேதான். மைத்துனர் தம் ஃபைபர் படகைப் பழுது பார்க்கும் பட்டறைக்கு டிரெய்லரில் ஏற்றிப் போவார். எடைமேடையில் நிறுத்திப் பார்த்தபோது படகும் டிரெய்லருமாக ஒன்றரை டன்னை ஒட்டி வந்தது. ஹைலக்ஸ் அதை இழுப்பது போலவே தெரியவில்லை; மேம்பாலம் ஏறும்போது ஒரு கியர் இறங்கியதைத் தவிர வேறு சத்தமில்லை. சிக்கல் ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான். அறுபதைத் தாண்டியதும் டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கியது. பின்னால் இருந்து யாரோ தோளைப் பிடித்து உலுக்குவது போலிருந்தது. நல்லவேளையாக அவர் பிரேக்கை அழுத்தவில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மட்டும் விட்டார்; ஆட்டம் தானாக அடங்கியது.

ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. படகின் எஞ்சின் அதன் பின்முனையிலேயே மாட்டியிருந்ததால், எடை முழுவதும் டிரெய்லரின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டது. இழுக்கும் வண்டியின் கொக்கியின் மேல் டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது அழுத்த வேண்டும். ஒன்றரை டன்னுக்கு 150 கிலோ. எங்கள் டிரெய்லரோ கொக்கியை அழுத்துவதற்கு மாறாக மேலே தூக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் கழற்றிப் பிக்கப்பின் பெட்டிக்குள் வைத்து, படகை இரண்டடி முன்னால் நகர்த்திக் கட்டிய பிறகு எழுபதிலும் ஆட்டமில்லை. பின்னொரு நாள் அதே டிரெய்லரை என் வி-கிராஸில் மாட்டிப் பார்த்தோம். இழுத்தது, ஆனால் மேலேற்றத்தில் மூன்றாம் கியருக்கும் நான்காம் கியருக்குமாக அல்லாட வேண்டியிருந்தது, நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கிளட்சுக்காக மனம் பதைத்தது. டிரெய்லர் இழுப்பவருக்கு ஆட்டோமேட்டிக் ஆடம்பரம் அல்ல என்பதை அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹைலக்ஸ் வெளிநாடுகளில் 3,500 கிலோ வரை இழுக்கும் என்று படித்துவிட்டு அந்த எண்ணை நம்மூருக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அது பிரேக் பொருத்திய டிரெய்லருக்கான எண். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பாவில் உச்சவரம்பு 750 கிலோதான். நம் பட்டறைகளில் அடித்துத் தரும் டிரெய்லர்களில் பிரேக் இருப்பதைக் காண்பது அரிது. தவிர, டிரெய்லர் என்பது சட்டப்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வாகனம். முன்னால் வின்ச் என்னும் கம்பி சுற்றி இழுக்கும் கருவியை மாட்டுவதற்காக இரும்புக் கம்பித் தடுப்பு வைப்பவர்களும் 2017 டிசம்பரில் மத்திய அரசு அத்தகைய தடுப்புகளைச் சட்டவிரோதம் என்று அறிவித்ததை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் விற்காத ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரைப் பற்றி இளைஞர்கள் பெருமூச்சு விடுவதைப் பார்க்கிறேன். 3 லிட்டர் இரட்டை டர்போ பெட்ரோல் எஞ்சின், மேடுபள்ளத்தில் பறப்பதற்கென்றே அமைத்த ஷாக் அப்சார்பர், பின்னால் பிளேட்டுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் என்று அதன் அமைப்பு அருமைதான். ஆனால் சாதாரண ரேஞ்சர் 3,500 கிலோ இழுக்கும் இடத்தில் ராப்டருக்கு 2,500 கிலோதான் அனுமதி. சரக்குச் சுமையும் குறைவு. நீண்டு சுருங்கும் மென்மையான ஸ்பிரிங், கொக்கியின் மேல் எடை விழுந்தால் பின்னால் அமிழ்ந்துவிடும். பறப்பதற்கு ஏற்றது சுமப்பதற்கு ஏற்றதல்ல என்பதால், கிடைத்தாலும் அது நமக்கான வண்டி அல்ல.

தண்ணீரைப் பொறுத்தவரை ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று நிறுவனம் சொல்கிறது. மழைக்காலத்தில் கடைமடைப் பகுதியில் சாலையும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும்போது, ஆழத்தைவிட எது சாலை, எது வாய்க்கால் என்பதுதான் கேள்வி. நான் எப்போதும் ஒருவரைக் கம்போடு முன்னால் நடக்கவிட்டே போவேன். வண்டி நீரில் நின்றிருந்தால், பிறகு டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் நிறமாகியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட வேண்டும். வேதாரண்யம் உப்பளப் பக்கம் போய்வந்தால் அடிப்பாகத்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இன்னொன்று, பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியை வீட்டிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து டீக்கடைக்குமாக மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தஞ்சாவூர் வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வருவது நல்லது. டீசல் தொட்டி ஹைலக்ஸில் 80 லிட்டர், வி-கிராஸில் 55.

பணம் என்று பார்த்தால் வி-கிராஸின் பிஎஸ் 6 வடிவம் 2021இல் இருபது இலட்சத்தை ஒட்டித் தொடங்கியது. 2022இல் வந்த ஹைலக்ஸ் முப்பதுக்கு மேல். பொலிரோ கேம்பரோ இவற்றின் அருகில்கூட வராத விலையில், 75 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு, ஒரு டன் சுமையை முகம் சுளிக்காமல் தூக்குகிறது. எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைப் பிரித்துப் பூட்ட ஆள் உண்டு. சரக்கு வண்டிக்கான மஞ்சள் பலகை, எஃப்சி எனும் தகுதிச் சான்று என்ற அலைச்சலையும், நெடுந்தூரப் பயணத்தில் முதுகு படும் பாட்டையும் பொறுத்துக்கொள்பவருக்குச் சரக்கு வண்டியாக அதை வெல்ல இவ்விரண்டாலும் முடியாது.

குடும்பமும் உர மூட்டையும் ஒரே வண்டியில் போக வேண்டும், டிரெய்லர் இல்லை என்றால் நான் மறுபடியும் வி-கிராஸ் மேனுவலையே எடுப்பேன்; மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் போடுவேன். மாதம் இரண்டு முறையாவது டிரெய்லர் மாட்டுகிறவருக்கு ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கைத் தவிர வேறொன்றை என்னால் சொல்ல முடியாது. மைத்துனர் டிரெய்லரைப் பிரேக் வைக்கப் பட்டறையில் விட்டிருக்கிறார். அது திரும்பி வரும் வரை படகு லாரியில்தான் போகும்.