வீட்டுக்குள் புகையடித்துக் கிருமி நீக்குவதாக வருகிறவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் ஒரு விளம்பரம் வந்தது. காய்ச்சல் பரவும் பருவத்தை முன்னிட்டு வீட்டுக்கே வந்து கிருமி நீக்கம் செய்து தருவதாகவும், ஒரு முறை தெளித்தால் 90 நாள்களுக்கு எந்த வைரசும் அண்டாது என்றும் அதில் எழுதியிருந்தது. நிறுவனத்தின் பெயர் எனக்குப் புதிது. ஆனால் அந்த வாசகங்களும், அவற்றின் கீழே இருந்த கைப்பேசி எண்ணும் புதியவை அல்ல. 2021 மே மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து 7,125 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் மாமியாரை மூச்சுத் திணறலில் விட்டுச் சென்றவர்களின் எண் அது. அன்று நடந்ததை அப்போதே எழுதியிருக்க வேண்டும். பெயரை மாற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பெயர் சொல்லி எச்சரிப்பதில் பயனில்லை என்பதால், அவர்கள் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் காணலாம்.

அந்த மே மாதம் எப்படி இருந்தது என்பதைச் சென்னையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாநிலத்தில் ஒரே நாளில் 30,000 பேருக்கும் மேல் கொரோனா தொற்று உறுதியாகிக்கொண்டிருந்தது. ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் மக்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். என் கணவருக்குத் தொற்று வந்து, மருத்துவமனைக்குப் போகாமலேயே வீட்டில் தனி அறையில் இருந்து தேறினார். அறிகுறி தொடங்கிப் பத்து நாள்கள் கடந்து, கடைசி மூன்று நாள்கள் காய்ச்சல் இல்லாமல் இருந்ததால் தனிமையை முடித்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் குடியிருப்புச் சங்கத்தினர், வீடு முழுவதும் கிருமி நீக்கம் செய்யப்பட்டதற்கான சான்றிதழைக் கொடுத்த பிறகுதான் நாங்கள் லிப்டைப் பயன்படுத்தலாம் என்றார்கள். அவர்களையும் முழுவதாகக் குறை சொல்ல என்னால் முடியாது. தெருவில் மாநகராட்சி ஊழியர்கள் முதுகில் தெளிப்பானைச் சுமந்து மதில்களில் மருந்தடிப்பதை எல்லோரும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது தெளித்தால்தான் வீடு சுத்தமாகும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது.

யாரோ அனுப்பிய எண்ணில் அழைத்தேன். சதுர அடிக்கு ஒன்றரை ரூபாய், எங்கள் 1,050 சதுர அடி வீட்டுக்கு 1,575 ரூபாய் என்றார்கள். ஊரடங்கு நாளில் எப்படி வருவீர்கள் என்று கேட்டதற்கு, அரசு இணையதளத்தில் பயணத்துக்காகச் செய்யும் இ-பதிவு இருப்பதாகச் சொன்னார்கள். என்ன மருந்து என்று கேட்டேன். ‘மருத்துவமனைகளில் பயன்படுத்துவது, மூலிகை கலந்தது, குழந்தைகளுக்கும் ஒன்றும் ஆகாது’ என்று பதில் வந்தது. மருத்துவமனைகளில் பயன்படுத்தும் எந்தக் கிருமிநாசினியின் பெயரை அவர் சொன்னார் என்று நான் அந்த இடத்திலேயே யோசித்திருந்தால், அவர் எந்தப் பெயரையும் சொல்லவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை பாதுகாப்பு உடை அணிந்த இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். லேபிள் இல்லாத ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனில் இருந்த திரவத்தைக் கண் மதிப்பில் தெளிப்பானுக்குள் ஊற்றி, எங்கள் குழாய்த் தண்ணீரைக் கலந்தார்கள். அளவுக் குவளை எதுவும் அவர்களிடம் இல்லை. மூடியைத் திறந்ததும் பிளீச்சிங் நெடி கூடம் முழுவதும் அடித்தது. தரையையோ மேசையையோ அவர்கள் ஒரு முறைகூடத் துணியால் துடைக்கவில்லை. பதினோரு நாள் தூசியின் மீதும், அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கின் மீதும், நான் மூடி வைக்கச் சொல்லியும் கேட்காமல் பாத்திர அலமாரியின் மீதும் அப்படியே தெளித்துக்கொண்டே போனார்கள். நடுவில், மெத்தைக்கும் சோபாவுக்கும் தனியாக 1,200 ரூபாய் என்றார்கள். பிறகு, தெளித்தது ஒரு நாளைக்குத்தான் நிற்கும் என்றும், 90 நாள் பூச்சு போடாவிட்டால் பயனில்லை என்றும் சொல்லி அதற்கு 3,150 ரூபாய் சேர்த்தார்கள். இருவரின் உடைக்கு 700, சான்றிதழுக்கு 500. வேலை பாதியில் இருக்கும்போது, வீட்டில் வயதானவர் இருக்கும்போது, யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? பாதி வேலையில் விலையை ஏற்றுவதுதான் அவர்களுடைய முறை என்று பின்னர் இதே குடியிருப்பில் வேறு இரண்டு குடும்பத்தினர் சொன்னபோதுதான் விளங்கியது. வாசலில் நின்றிருந்த என் மகனைக் கையை நீட்டச் சொல்லி, அவன் மீதும் தெளித்தார்கள்.

இவை எல்லாவற்றையும் விடக் கொடியது குளியலறையில் நடந்தது. சுவரிலும் கழிப்பறைக் கோப்பையிலும் அந்தத் திரவத்தைத் தெளித்து முடித்த கையோடு, மஞ்சள் கறையும் போகட்டும் என்று, மூலையில் நாங்கள் வைத்திருந்த கழிப்பறை ஆசிட்டை எடுத்து ஒருவர் அதன் மேலேயே ஊற்றினார். பிறகு எல்லாச் சன்னல்களையும் சாத்திவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே போகும்படி சொன்னார்கள். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்தோம். என் மாமியாருக்கு இருபது ஆண்டுகளாக ஆஸ்துமா உண்டு. வந்ததும் அவர் முதலில் போனது குளியலறைக்குத்தான். கண்ணும் தொண்டையும் எரிகின்றன என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தவருக்கு இரவு பதினோரு மணிக்குள் இழுப்பு கூடிவிட்டது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 91 காட்டியது. வேறு எந்த ஆண்டாக இருந்திருந்தாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருப்போம்; அந்த வாரத்தில் எங்கே படுக்கை கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இது ஆஸ்துமாவா, கணவரிடமிருந்து வந்த தொற்றா என்றும் தெரியவில்லை. எங்கள் மருத்துவர் தொலைபேசியிலேயே நெபுலைசர் மருந்தின் அளவைச் சொல்லி, முதலில் எல்லாச் சன்னல்களையும் திறக்கச் சொன்னார். விடியற்காலை மூன்று மணிக்கு அளவு 95-க்கு ஏறியது. சோதனையில் தொற்று இல்லை என்ற முடிவு இரண்டு நாள் கழித்து வரும் வரை அத்தை தன் பேரனைப் பக்கத்தில் வர விடாமல் அழுதுகொண்டிருந்தார். பணம் போனதை மறந்துவிட்டேன். அந்த இரண்டு நாள்களை மறக்க முடியவில்லை.

என் சித்தப்பா செங்கல்பட்டுப் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது, ‘பிளீச்சிங் மேலயா ஆசிட்டை ஊத்தினாங்க?’ என்பதுதான். பிளீச்சில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும், கழிப்பறை ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றை விடக் கனமானது. சன்னல் சாத்திய சிறிய குளியலறையில் தரையோடு தேங்கி நிற்கும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கே அது எரிச்சல் தரும் என்றால், ஆஸ்துமா உள்ளவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தாலும் பிளீச்சிலிருந்து நச்சு வாயு வரும். எனவே பிளீச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதனோடும் கலக்கக் கூடாது. கிருமி நீக்குவதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய பாடம் இது.

சித்தப்பா அடுத்துச் சொன்னது என் எண்ணத்தையே மாற்றியது. அழுக்கின் மீது தெளித்த மருந்து அழுக்கோடுதான் சண்டை போடும், அடியில் இருக்கும் கிருமியிடம் அது போகாது என்றார். குளோரின் சார்ந்த கிருமிநாசினிகள் தூசியிலும் எண்ணெயிலும் உள்ள கரிமப் பொருள்களிலேயே தீர்ந்துவிடும்; அதனால்தான் முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைக்க வேண்டும். அதிலும் கொரோனா வைரசுக்கு வெளியே கொழுப்பால் ஆன உறை இருப்பதால், சோப்பே அந்த உறையைக் கலைத்து வைரசைச் செயலிழக்கச் செய்துவிடும். அடுத்ததாக, மருந்து பட்ட இடம் குறிப்பிட்ட நேரம் ஈரமாக நிற்க வேண்டும். புகையாகப் பறக்கும் துளிகள் மேசையின் மேல்பக்கத்தை மட்டும் தொட்டுவிட்டு உலர்ந்துபோகும். அடிப்பக்கத்தையும் கைப்பிடியின் பின்புறத்தையும் அவை தொடவே தொடா.

இது சித்தப்பாவின் சொந்தக் கருத்து அன்று. உலக சுகாதார நிறுவனம் 2020 மே 15 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, வீடு போன்ற உள்ளிடங்களில் கிருமிநாசினியைத் தெளிப்பதையோ புகையாக அடிப்பதையோ வழக்கமான முறையாகப் பரிந்துரைக்கவில்லை என்றும், மனிதர்கள் மீது எந்த நிலையிலும் தெளிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. மனிதர்கள் மீது தெளிப்பதை அதற்கும் ஒரு மாதம் முன்பே, 2020 ஏப்ரலில், இந்திய சுகாதார அமைச்சகம் கண்டித்திருந்தது. திருப்பூரில் சந்தைக்கு வருகிறவர்கள் நுழைந்து போகும்படி அமைத்த கிருமிநாசினிச் சுரங்கம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அத்தகைய சுரங்கங்களை நிறுத்தும்படி மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் அதே ஏப்ரலில் அறிவித்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில், தொற்றுள்ள பரப்பை ஒரு முறை தொடுவதால் இந்த நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று தெரிவித்தது. எங்களுக்கு ஆபத்து மேசையிலும் நாற்காலியிலும் இருந்ததை விட, மூடிய அறையின் காற்றில்தான் அதிகம் இருந்தது. அவர்களோ சன்னல்களைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

நான் அந்த நிறுவனத்தை அழைத்து மருந்தின் பெயரைக் கேட்டேன். மூன்று நாள்கள் கழித்து ஒரு லேபிளின் படம் வந்தது. அதில் வேதிப்பொருளின் பெயரோ, செறிவோ, தயாரித்த தேதியோ இல்லை. 90 நாள் பூச்சுக்கு ஏதாவது ஆய்வக அறிக்கை உண்டா என்று கேட்டதற்கு, ‘உங்கள் வீட்டில் மறுபடி யாருக்காவது கொரோனா வந்ததா? வரவில்லையே, பிறகென்ன’ என்றார்கள். எவராலும் மறுக்க முடியாத பதில். ஆனால் தண்ணீரைத் தெளித்திருந்தாலும் அதே பதிலைச் சொல்லியிருக்க முடியும். ஒரு வாரத்துக்குள் எவர்சில்வர் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாக அரிப்பு வந்தது. நீலத் திரைச்சீலைகளில் வெளுத்த திட்டுகள் விழுந்தன. அத்தையின் பித்தளைக் குத்துவிளக்கு கறுத்துப்போனது. திறந்திருந்த அரிசித் தூக்கை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று.

அந்தத் தொற்றுக்காலம் முடியும் வரையிலும், இன்று வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், நாங்கள் செய்வது இதுதான். முதலில் சன்னல்களைத் திறக்கிறோம். கதவுக் கைப்பிடி, சுவிட்ச், குழாய், கைப்பேசி என்று கை அடிக்கடி படும் இடங்களைச் சோப்புத் துணியால் துடைக்கிறோம். கைப்பேசிக்கும் சுவிட்சுக்கும் துணியை நன்றாகப் பிழிந்துகொள்ள வேண்டும். நோயாளி பயன்படுத்திய குளியலறைக்கு மட்டும், ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட் திரவத்தில் 20 மில்லியை எடுத்து ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். கையுறை போட்டு, துணியில் நனைத்துத் துடைத்து, குறைந்தது ஒரு நிமிடமாவது ஈரமாக விட்டுப் பிறகு கழுவுகிறோம். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். துணிகளைச் சோப்புத் தூள் போட்டுத் துவைத்து வெயிலில் நன்றாக உலர்த்துகிறோம். ஒரு முறைக்குப் பத்து ரூபாய்கூட ஆவதில்லை.

இருந்தும் ஆள் வைத்தே செய்ய வேண்டிய நிலை உங்களுக்கு இருக்கலாம். அப்படியானால் வேதிப்பொருளின் பெயர், செறிவு, மொத்தத் தொகை ஆகிய மூன்றையும் அவர்கள் வருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லேபிள் இல்லாத கேனைக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் வீட்டில் வைத்துக்கொண்டு தெளிக்க விடாதீர்கள். பணத்தைத் தனி ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பாமல், ஜிஎஸ்டி எண் உள்ள ரசீதைக் கேளுங்கள். நான் ரசீது கேட்கவில்லை. சான்றிதழில் இருந்த முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால், அப்படி யாரும் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இப்போது புகார் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அத்தையைக் கவனிப்பதிலும், முகவரியைத் தேடுவதிலும் நான் அந்தக் காலத்தைக் கடக்க விட்டுவிட்டேன். அந்தச் சான்றிதழும், பணம் செலுத்திய விவரமும், அவர்கள் அனுப்பிய லேபிள் படமும், பாத்திரங்களின் புகைப்படங்களும் என்னிடம் பத்திரமாக உள்ளன. அதே எண்ணிலிருந்து வந்தவர்களால் ஏமாற்றப்பட்டு, இரண்டு ஆண்டு இன்னும் முடியாமல் இருக்கும் எவரேனும் வழக்குத் தொடர விரும்பினால், அவற்றின் நகல்களைத் தருவதற்கும் சாட்சி சொல்ல வருவதற்கும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.