கருப்பனுக்குப் போட்ட இன்சூரன்ஸ், இரண்டு வருஷம் கழித்து

"பூனைக்கு இன்சூரன்ஸ் போடலாமா மச்சான்?" என்று போன வாரம் தங்கச்சி மாப்பிள்ளை கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கருப்பன் நாட்டுப் பூனை, 4 வயசு ஆண். போன ஆடியில் ஒரு சாயங்காலம் மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறான், எழுந்து வருகிறான், திரும்பவும் போய் உட்காருகிறான். மலச்சிக்கல் என்று விட்டுவிட்டோம். ராத்திரி மணலைத் தொட்டால் பொட்டு ஈரமில்லை, அடிவயிறு எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக இருந்தது, கை பட்டதும் கத்தினான். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல், அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். பழக்கூடையில் வைத்துக்கொண்டு ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கினோம். சேலத்து டாக்டர், "மயக்கம் கொடுத்து டியூப் போடணும், மூணு நாள் இங்கேயே இருக்கட்டும், செலவாகும்" என்றார். பாலிசி இருக்கிற தைரியத்தில், மனைவி முகத்தைக்கூடப் பார்க்காமல், சரி டாக்டர் என்றேன். கட்டின பிரீமியம் மொத்தமும் அந்த ஒரு 'சரி'க்கே தகும்.

அப்புறம் ஆரம்பித்தது. பில் ₹13,400, முதலில் நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். கிளெய்முக்குப் போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். பழைய போட்டோவோடு பொருந்தவில்லையாம்! ட்ரிப் ஏற்ற முன்னங்காலில் முடியை மழித்திருந்தார்கள், அதுதான் வித்தியாசம். கன்னங்கரேலென்று இருக்கிற பூனையை எந்தப் பக்கம் எடுத்தாலும் இரண்டு கண்தான் விழும், அடையாளத்துக்கு நான் எங்கே போவேன்? பாலிசி எடுக்கும்போதே மைக்ரோசிப் போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. அரிசி அளவுதான் இருக்கும், தோள்பட்டைக்கு நடுவில் தோலுக்கடியில் போடுவார்கள், ஸ்கேனரை வைத்தால் 15 இலக்க எண் வந்துவிடும். போனில் பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். 52 நாள் கழித்து ₹8,900 வந்தது. நம் பங்கு 20 சதவீதம், சிறப்பு உணவு சேராது என்று கழித்திருந்தார்கள். பாலிசியில் எழுதியிருந்தபடிதான், அதில் தப்பில்லை.

என்னால் ஜீரணிக்க முடியாதது பாலிசியைப் புதுப்பிக்கும்போது வந்த நிபந்தனைதான்: சிறுநீர்க் கோளாறு இனிமேல் சேராது, ஏற்கெனவே இருந்த நோய். ஒரு தடவை அடைத்த பூனைக்குத் திரும்ப அடைக்க வாய்ப்பு அதிகம், எனக்குப் பயமே அதுதான், அதை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்துக்கு அதே பிரீமியம் கேட்கிறார்கள். இந்தக் கோபத்தில்தான் மாப்பிள்ளையிடம் வேண்டாம் என்றேன். அவர் வீட்டில் இருப்பது பெண் பூனை, அதற்கு இந்த அடைப்பு அபூர்வம், வெளியேயும் விடுவதில்லை. அவர் மாசம் 200 ரூபாய் தனியாகப் போட்டு வந்தாலே போதும். ஆண் குட்டி வளர்க்கிறவர்கள், நோய் என்று டாக்டர் சீட்டில் ஒரு வரி ஏறுவதற்கு முன்னால் பாலிசி எடுத்துவிடுங்கள்.

நான் நேற்று ராத்திரி புதுப்பித்துவிட்டேன். காலையில் கருப்பன் மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தில் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தான்.