ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம்: வகுப்பறைக்கு எவ்வளவு உதவும்?

நம் கல்லூரி நூலகங்களில் தத்துவ அலமாரி பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டோடு நின்றுவிடும். பிறர் சொல்லி நாம் அறிவது எப்படி, யார் சொன்னால் நம்புகிறோம் என்று கேட்கும் சமூக அறிவாய்வியலை நடத்த, நான் நாடுவது எட்வர்ட் ஸால்ட்டா 1995-இல் தொடங்கிய இந்த இணையக் களஞ்சியத்தை. படிக்கக் கட்டணமில்லை.

ஆசிரியருக்கு இது பொக்கிஷம். துறை அறிஞர்கள் எழுதுகிறார்கள். சக அறிஞர்கள் சரிபார்க்கிறார்கள். சமூக அறிவாய்வியல் கட்டுரையை 2001-இல் ஆல்வின் கோல்ட்மன் எழுதினார். பின்னர் வேறு சிலரும் சேர்ந்து விரித்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கொரு பதிப்பை அப்படியே சேமித்து வைப்பதால், மாணவர் காட்டிய மேற்கோள் அடுத்த ஆண்டு காணாமல் போகாது.

ஆனால் இணைப்பை அனுப்பி, "படித்துவிட்டு வாருங்கள்" என்றால் வகுப்பே காலியாகிவிடும். தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்தவர்களுக்கு அந்த ஆங்கிலம் கரடுமுரடு. ஒரே ஓர் எடுத்துக்காட்டை உருவிக்கொண்டு போவதே என் வழக்கம். கருத்து வேறுபாடு பற்றிய விவாதங்களில் வரும் தத்துவ அறிஞர் டேவிட் கிறிஸ்டென்சனின் ஓட்டல் பில் அதற்கு வாகானது. ஓட்டலில் சாப்பிட்டவர்களில் இருவர், தலைக்கு எவ்வளவு என்று மனக்கணக்கில் பில்லைப் பிரிக்கிறார்கள். தலைக்கு 43 டாலர் என்று ஒருவருக்கு விடை வருகிறது, 45 என்று மற்றவருக்கு. கணக்கில் இருவரும் சமமான கெட்டிக்காரர்கள். யார் தன் விடையைச் சந்தேகிப்பது?

"கால்குலேட்டரை எடுக்கலாமே!" என்று கடைசி பெஞ்சு கத்தும். (கடவுள் உண்டா என்பதற்கு எந்தக் கால்குலேட்டர் என்று கேட்டால் அடங்கும்.) ஒரு மாணவி சொன்னதுதான் பாடத்தைத் திருப்பியது: "எதிரில் இருப்பவர் என் மாமனார் என்றால், 45 என்று நான் வாயே திறக்க மாட்டேன் சார்." பேசுபவர் யார் என்பதற்காக அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது அநீதி என்று 2007-இல் தத்துவ அறிஞர் மிராண்டா ஃப்ரிக்கர் வாதிட்டார். கேட்பவர் ஏற்கமாட்டார் என்று பேசுபவரே சொல்லை விழுங்கிவிடுவதை 2011-இல் இன்னொரு தத்துவ அறிஞர் கிறிஸ்டி டாட்சன் எடுத்துக்காட்டினார். அன்று இருவரையும் அரைமணி நேரத்தில் நடத்த முடிந்தது.

இந்திய அறிவாய்வியலுக்கும் களஞ்சியத்தில் தனிக் கட்டுரை உண்டு. நம்பத்தகுந்தவர் சொல்லை, நியாயம் எனப்படும் இந்தியத் தர்க்க மரபு தனி அளவையாக, அதாவது அறிவு பெறும் வழியாக, ஏற்பதையும் உலகாயதரான சார்வாகர் மறுப்பதையும் எடுக்கும்போது அது துணை. பத்து அளவைகளை அடுக்கும் மணிமேகலையின் 27-ஆம் காதையையும் கூடவே வைக்கிறேன். மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அச்செடுப்பவர்களுக்கு ஒரு சொல்: கட்டுரை முடிவில் நூற்பட்டியல் நீளமாக ஓடும். வேண்டிய பகுதியை மட்டும் நகலெடுங்கள்.