தனுஷ்கோடிக்கு வண்டி பேசுகிற மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

போன சனிக்கிழமை வீட்டில் ஏழு பேர் தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு டிராவல்ஸில் இன்னோவா பேசினேன், போய்வர 7,500 ரூபாய், டிரைவர் பேட்டா தனி. "தனுஷ்கோடி வரைக்கும்தானே சார், தாராளமா" என்றார் முதலாளி. அந்த 'வரைக்கும்' எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ராமேஸ்வரத்தில் சாமி கும்பிட்டுவிட்டுப் போனால், முகுந்தராயர் சத்திரத்துக்குப் பக்கத்தில் டிரைவர் ஓரங்கட்டிவிட்டார். "இதுக்கு மேல மணல் சார், வண்டி புதைஞ்சிடும், ஜீப்புலதான் போகணும்." ஜீப் ஏற்கெனவே அங்கே தயாராக நின்றது. ஆளுக்கு 300, மொத்தம் 2,100. நான் மறுபேச்சே பேசவில்லை. காலேஜில் படிக்கும்போது அந்த மணலில் வேனில் குலுங்கிக் குலுங்கிப் போனவன், அதனால் நம்பிவிட்டேன். 2017-லேயே தனுஷ்கோடியைத் தாண்டி, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு போட்டாச்சு என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ஜீப் வழுவழு ரோட்டில் போகிறது, இரண்டு பக்கமும் கடல். "மணலையே காணோமேப்பா" என்கிறார் அம்மா. அந்த நேரம் பார்த்து நம்மூர் டிஎன் 59 ஆல்டோ ஒன்று எங்களைத் தாண்டிப் போகிறது! கேட்டால், "அவங்க பெர்மிட் வாங்கியிருப்பாங்க" என்றார் ஜீப்காரர். என்ன பெர்மிட்டோ.

சர்ச் இடிபாட்டில் 15 நிமிஷம்தான் என்றார். அம்மாவுக்கு இடிந்துபோன ரயில்வே ஸ்டேஷனைத்தான் பார்க்க வேண்டும். தாத்தா கொழும்பில் வேலை பார்த்தவர், போட் மெயில் ரயிலில் இங்கே வந்து இறங்கித்தான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவாராம். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல், ஆட்களோடு வந்த பாசஞ்சர் ரயிலையே கடலில் தள்ளிவிட்டது. அம்மா சர்ச் சுவரில் கை வைத்தார். பவளப்பாறைக் கல், தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, விரல் பட்டதும் பொடி உதிர்ந்தது. அதற்குள் ஹாரன். ஸ்டேஷனுக்கு நேரமில்லையாம், அரிச்சல்முனைக்கு இன்னும் 1,000 ரூபாயாம். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது.

மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்காதான் சொன்னார்: "சொந்தக் காரையே முனை வரைக்கும் ஓட்டிட்டு வர்றாங்களே, உங்களை யாருய்யா ஜீப்புல ஏத்துனது?"

அங்கேயிருந்தே முதலாளிக்குப் போன் போட்டேன். "நீங்க தனுஷ்கோடின்னுதானே பேசுனீங்க, அரிச்சல்முனைன்னு சொல்லலையே" என்கிறார், கொஞ்சமும் கூசாமல். ஜீப்காரரிடம் டிரைவருக்குக் கமிஷன் இருக்கும் என்பது என் சந்தேகம், கையில் ஆதாரமில்லை. மதுரை வந்து ஒரு மணிநேரம் மல்லுக்கட்டி 500 ரூபாய் குறைத்தேன், அவ்வளவுதான்.

வண்டி பேசும்போதே 'அரிச்சல்முனை ரவுண்டானா வரை, இதே வண்டியில்' என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். நடுவில் இறக்கிவிட்டால் ஜீப்பில் ஏறாதீர்கள், ராமேஸ்வரத்திலிருந்து டவுன் பஸ்ஸே போகிறது. சாயங்காலம் ஆனால் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள், அதனால் மத்தியானத்துக்குள் போய்ச் சேருங்கள்.

அம்மா இன்னும் ஸ்டேஷனைப் பார்க்கவில்லை. பொங்கல் லீவில் மச்சானின் பழைய மாருதியில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.