துருவின் மேலேயே பூசிவிட்டுப் போனார்கள்: மேல்தளம் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. 1994இல் கட்டிய அடுக்ககத்தின் கடைசி மாடி. போன மார்ச்சில் 62,000 ரூபாய் செலவழித்து அம்மாவின் அறை மேல்தளத்தை, அதாவது தலைக்கு மேலிருக்கும் கூரையின் அடிப்பக்கத்தை, சரிசெய்தோம். அக்டோபர் கடைசியில், மழை பிடித்த மூன்றாம் நாள் இரவு, அதே இடம் பெயர்ந்து விழுந்தது. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் தலையணையின் மேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கட்டி. மறுநாள் நிறுத்துப் பார்த்தேன், மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

முதலில் தெரிந்தது ஒரு விரிசல்தான். மின்விசிறிக் கொக்கியிலிருந்து சுவர்வரை, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடியது. ஓரத்தில் பழுப்புக் கறை. வேலையை எடுத்தவர் அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, "வெறும் பூச்சு விட்டிருக்கிறது மேடம், கம்பி நன்றாக இருக்கிறது. அம்மா நிம்மதியாகத் தூங்கலாம்" என்றார். மொட்டை மாடிக்கு அவர் ஏறவே இல்லை. அதை அன்றே கவனித்திருக்க வேண்டும்.

பூச்சு மட்டும் விட்டால் விரிசல் வலைபோல் கோணல்மாணலாகப் பரவும். நேர்கோட்டில் ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைக் காப்பாற்றுகிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ளே இறங்கினால் அந்தக் காப்பு போய்விடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளந்து கீழே விழுகிறது. கடலோரக் கட்டடங்களில் காற்றுக்கு மறைவான பகுதியில்கூடக் கம்பிக்கு வெளியே 30 மில்லிமீட்டர் கான்கிரீட் வேண்டும் என்கிறது கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000). எங்கள் தளத்தில் இருந்தது 12.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த ஒப்பந்ததாரருக்கு நன்றாகவே தெரியும். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மதிப்பீட்டில் எல்லாமே ஒழுங்காக இருந்தது: தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம்வரை கொத்தி எடுப்பது, கம்பியைத் தேய்த்துத் துரு நீக்குவது, துருத்தடுப்புப் பூச்சு, ஒட்டுத்திரவம் கலந்த கலவை, ஏழு நாள் தண்ணீர் காட்டுவது. நடந்தது மூன்றே நாள் வேலை. தூசி என்று சொல்லி அம்மாவை அறைப்பக்கம் வரவிடவில்லை. முதல் நாள் மாலை நான் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் கொத்திய இடத்தை மூடிவிட்டார்கள். கேட்டதற்குப் படம் அனுப்பினார். சாம்பல் நிறத்தில் பூசிய கம்பிகள், பளிச்சென்று இருந்தன. கட்டி விழுந்த பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: விசிறி மாட்டும் இடத்தில் வட்டப் பெட்டி இருக்கிறது. எங்கள் அறையில் வெறும் இரும்புக் கொக்கி. யாருடைய வீடோ அது.

ஒட்டுத்திரவம் என்று ஐந்து லிட்டர் கேன் ஒன்றைப் பால்கனியில் வைத்திருந்தார்கள், கணக்கில் தனியாகக் காசும் வாங்கினார்கள். கடைசி நாளில் சித்தாள் அதை இரண்டு கையாலும் சுமந்துகொண்டு படியிறங்கியதை அம்மா பார்த்திருக்கிறார். காலிக் கேனை யாரும் அப்படிச் சுமப்பதில்லை.

விழுந்த கட்டியை இன்னும் வைத்திருக்கிறேன். உடைந்த ஓரத்தைப் பார்த்தாலே நடந்தது புரிந்துவிடும். பெயிண்ட், அதன்மேல்புறம் வெள்ளைப் பட்டி, பிறகு வெறும் சிமெண்ட் கலவை. பள்ளத்தை நிரப்ப நடுவில் செங்கல் துண்டுகள். பின்பக்கம் திருப்பினால் கம்பி படுத்திருந்த தடம் அச்செடுத்ததுபோல் பதிந்திருக்கிறது. அந்தத் தடம் முழுக்கச் செதில் செதிலாகத் துரு. விரலால் தொட்டால் மாவாக உதிர்கிறது. தேய்க்கவே இல்லை. துருவின் மேலேயே கலவையை அப்பி, பட்டி பார்த்து, வழவழப்பாக்கி, எழுபது வயதுப் பெண்ணை அதன்கீழ் படுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பணம் போனதைப் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

இப்போது வேறொரு கொத்தனார் வேலை செய்கிறார். முதல் காரியமாக மாடிக்குப் போய், மழைநீர்க் குழாயைச் சுற்றித் தட்டோட்டின் இணைப்புகள் விட்டிருப்பதைக் காட்டினார். அதை அடைத்த பிறகுதான் கீழே கை வைத்தார். அறை முழுவதும் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் கணீரென்றது, விட்ட இடம் பானையைத் தட்டியதுபோல் பொத்தென்றது. அப்படி ஒலித்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார்: ஏழு. பழைய ஆள் தொட்டது இரண்டே இரண்டு. ஒரு கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்ததால் கட்டடப் பொறியாளரை வரவழைத்து, அவர் சொன்னபடி பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்தோம். கொத்திய இடத்தை மூடுமுன் கொத்தனார் என்னைச் சாரத்தில் ஏறிப் பார்க்கச் சொன்னார். நீங்களும் வேலைக்கு விடும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்: மூடுவதற்குமுன் நான் பார்க்க வேண்டும், பார்த்த பிறகே அடுத்த தவணை. முணுமுணுத்தால் அந்த ஆள் வேண்டாம். மேல்தளத்தில் பட்டியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். பட்டி அழகுக்கு மட்டுமே.

பழைய ஆள் தொலைபேசியை எடுப்பதில்லை. பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தது என் தவறு. மீதி யூபிஐ வழியாகப் போனதால் அதற்கு ஆதாரம் இருக்கிறது. வாட்ஸ்அப் மதிப்பீடும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம்வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

புதுப் பூச்சுக்கு இன்று ஐந்தாம் நாள். மேல்தளத்தில் தண்ணீர் தேங்காது என்பதால் தெளிப்பானால் ஒரு நாளைக்கு நான்கு முறை நனைக்கிறோம். காலை முறையை அம்மா தானே முடித்துவிட்டார். கட்டில் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.